இலங்கைக்கு வண்டி சாமான் அனுப்பணும்னா முதல்ல அங்க ஓடுற வண்டியைப் பாருங்க

இலங்கைக்கு கார் ஸ்பேர்ஸ் எக்ஸ்போர்ட் பண்றேன்னு யார்கிட்ட சொன்னாலும் ரெண்டே கேள்விதான் வரும். மார்ஜின் எவ்வளவு நிக்கும், பையர் நம்பர் கிடைக்குமா. ரெண்டுக்கும் நான் சிரிச்சிட்டு டீ சொல்லிடுவேன். சென்னை ஜிபி ரோடு ஸ்பேர்ஸ் மார்க்கெட்ல கடை வச்சிருக்கற நிறைய பேர் மனசுல ஒரு கணக்கு ஓடிட்டே இருக்கு, தூத்துக்குடில ஏத்தினா மறுநாள் கொழும்பு, அங்கயும் ஸ்டியரிங் வலது பக்கம், வியாபாரம் பேச தமிழ் போதும், மாருதி ஓடுது பஜாஜ் ஓடுது டாடா ஏஸ் ஓடுது, அப்புறம் என்ன, கடைல இருக்கற ஸ்டாக்கையே பொட்டி கட்டி அனுப்பிடலாம்னு. பக்கத்துல இருக்குங்கற இந்த தைரியம்தான் நிறைய பேரை மாட்டி விடுது. துபாய்க்கு அனுப்பறவன் ஆயிரம் தடவ விசாரிப்பான், கொழும்புக்கு அனுப்பறவன் விசாரிக்காமலே அனுப்புவான்.

வேகன் ஆர் விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். கொழும்புல ரோட்டோரமா கொஞ்ச நேரம் நின்னீங்கன்னா வேகன் ஆர் வரிசையா போகும், நம்ம ஊர் ஆளுக்கு பாத்த உடனே சந்தோஷமா இருக்கும். கிட்ட போய் பாத்தா அதுல பெரும்பாலானது ஜப்பான்ல இருந்து வந்த 660 சிசி ஹைப்ரிட் வண்டி. எம்எச்34, எம்எச்44, எம்எச்55னு சேசிஸ் கோடு போட்டுதான் கடைல கேப்பாங்க. நம்ம ஊர்ல ஓடுறது 1000 சிசி, 1200 சிசி வண்டி, எஞ்சின் வேற, சஸ்பென்ஷன் வேற, பிரேக் வேற, உள்ள சீட்டு கூட வேற. பேர் மட்டும்தான் ஒண்ணு. ஆல்டோவும் அப்படித்தான், இந்தியால இருந்து போன 800 சிசி ஆல்டோ அங்க ஏகப்பட்டது இருக்கு, கூடவே ஜப்பான் 660 சிசி ஆல்டோவும் இருக்கு. "வேகன் ஆர் ஃப்ரண்ட் ஷாக் 50 செட் ரேட் சொல்லுங்க"ன்னு வாட்ஸப்ல மெசேஜ் வந்தா உடனே ரேட் சொல்றவன் புதுசு. நாலு நாள் கழிச்சு சொன்னாலும் பரவால்ல, எந்த சேசிஸ்னு கேட்டுட்டு சொல்றவன்தான் இங்க நிப்பான்.

கண்டுபிடிக்கறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. மாருதி வண்டின்னா சேசிஸ் நம்பர் 17 எழுத்து இருக்கும், எம்ஏ3ன்னு ஆரம்பிக்கும். ஜப்பான் உள்நாட்டு மார்க்கெட் வண்டின்னா நம்பர் சின்னது, முன்னாடி அந்த மாடல் கோடு, நடுவுல ஒரு சின்ன டேஷ், அப்புறம் எண். பையர் கிட்ட வண்டியோட பிளேட் போட்டோ கேளுங்க, அது இல்லன்னா பழைய பார்ட்டை கழட்டி ஸ்கேல் பக்கத்துல வச்சு போட்டோ கேளுங்க, அதோட கம்பெனி பார்ட் நம்பர் கேளுங்க. டொயோட்டா, சுசுகி எல்லாம் அஞ்சு அஞ்சா பிரிச்ச நம்பர் போடுவான், டொயோட்டால 90915ன்னு ஆரம்பிச்சா ஆயில் ஃபில்டர்னு கொழும்பு ஸ்பேர்ஸ் மார்க்கெட் பஞ்சிகாவத்தைல டீ வாங்கப் போற பையனுக்கு கூட தெரியும். நான் எந்த கொட்டேஷனும் "ஆக்சியோ பிரேக் பேட்"னு அனுப்பறதில்ல. ஆக்சியோ டொயோட்டா கார், அதுல மாடல் கோடு 141ஆ 161ஆ 165ஆ, முன்னாடியா பின்னாடியா, கம்பெனி நம்பர் என்ன, எங்க சப்ளையர் நம்பர் என்ன, நாலும் ஒரே வரில இருக்கணும். வர்ற இன்வாய்ஸ்லயும் அதே வரி, பேக்கிங் லிஸ்ட்லயும் அதே வரி, பொட்டி மேல ஸ்டிக்கர்லயும் அதே வரி. இப்படி பண்ணினா அப்புறம் சண்டை வராது, வந்தாலும் அஞ்சு நிமிஷத்துல முடியும்.

பஞ்சிகாவத்தை தெரியாதவங்களுக்கு, அது கொழும்பு மருதானை பக்கம், நம்ம ஜிபி ரோடும் புதுப்பேட்டையும் ஒண்ணா கலந்த மாதிரி. புது சாமான் ஒரு பக்கம், ஜப்பான்ல இருந்து வண்டியை அறுத்து கொண்டு வந்த ரீகண்டிஷன் சாமான் இன்னொரு பக்கம். அங்க பார்ட்ஸ்னு யாரும் சொல்றதில்ல, சாமான்தான். இந்தியன் சாமான், ஜப்பான் சாமான், சைனா சாமான். நம்ம சாமானுக்கு போட்டி சைனா மட்டும்னு நினைச்சுட்டு போறவங்களுக்கு அங்க ஒரு ஷாக் இருக்கு, ஏன்னா பழைய ஜப்பான் சாமானை புது இந்திய சாமானை விட மேலா நினைக்கற பாஸ்மார் நிறைய, பாஸ்னா அங்க மெக்கானிக். கஸ்டமர் கடைக்கு வர்றதில்ல, பாஸ் எழுதி குடுக்கற சீட்டுதான் வரும். அதனால கொழும்பு போனா இறக்குமதியாளர் ஆபீஸ்ல ஏசில உக்காந்து பேசிட்டு வந்துடாதீங்க, ரெண்டு கராஜுக்கு போய் நில்லுங்க, எந்த சாமான் எத்தனை மாசத்துல திரும்பி வருதுன்னு பாஸ் வாய்லயே கேட்டுட்டு வாங்க. இறக்குமதியாளர் சொல்ற லிஸ்ட்டும் பாஸ் சொல்ற லிஸ்ட்டும் வேற வேறயா இருக்கும், பாஸ் லிஸ்ட்தான் சரி.

எனக்கு தெரிஞ்ச வரைக்கும் நம்ம சரக்கு நிக்கற இடம்னா, இந்தியால செஞ்ச வண்டிக்கு எல்லாமே, ஜப்பான் வண்டிக்கு ஃபில்டர், பிரேக் லைனிங், ரப்பர் புஷ், கேஸ்கெட், கொஞ்சம் ஸ்டியரிங் சஸ்பென்ஷன் ஐட்டம். சென்சார், எல்இடி, ஜப்பான் வண்டி பாடி பேனல், இதுல எல்லாம் சைனா ரேட்டுக்கு பக்கத்துல கூட போக முடியாது, நான் முயற்சியும் பண்றதில்ல. ஆட்டோ அங்க பத்து லட்சத்துக்கு மேல பதிவாகி இருக்கு, பெரும்பாலும் பஜாஜ்தான், லங்கா அசோக் லேலண்ட் பஸ், லாரி 1980கள்ல இருந்தே ஓடுது, டாடா ஏஸுக்கு அங்க பேரே டிமோ பட்டா. கார் சாமான் மட்டும்தான் பண்ணுவேன்னு வீம்பா இருக்காதீங்க, கண்டெய்னர் ஓரத்துல ஆட்டோ சாமான் நாலு பொட்டி போகட்டும், வாடகையை அது தூக்கிடும். யாழ்ப்பாணத்துல இன்னமும் ஆஸ்டின், மோரிஸ் கார் ஓட்டறவங்க இருக்காங்க, யுத்த நேரத்துல பெட்ரோல் கிடைக்காம மண்ணெண்ணெய்ல ஓட்டின வண்டிங்க. அதுக்கு சாமான் கேட்டு ஒருத்தர் தொடர்ந்து போன் பண்ணுவார், வியாபாரமா அதுல ஒண்ணும் இல்ல, ஆனா அவர்கிட்ட பேசறது எனக்கு பிடிக்கும்.

ஸ்பேர்ஸும் அக்சசரீஸும் ஒரே கடைல விக்கறதால ஒரே தொழில்னு தோணும், கிடையாது. 2020 மார்ச்ல இலங்கை வண்டி இறக்குமதியை நிறுத்தினாங்க, தனியார் காருக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பிப்ரவரில. கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் புது வண்டியே இல்ல. இருக்கற வண்டியை வச்சுதான் ஓட்டியாகணும், பழைய வண்டியோட விலையே ஏறிப்போச்சு, வித்துட்டு வேற வாங்கலாம்னு இருந்தவன் எல்லாம் ஷாக் மாத்தி, கிளட்ச் மாத்தி, வீல் பேரிங் மாத்தி ஓட்டினான். வண்டி வயசாக வயசாக ஸ்பேர்ஸ் போகும். சீட் கவர், மேட், டோர் வைசர், கேமரா இதெல்லாம் புது வண்டி ஷோரூம்ல இருந்து வெளிய வர்ற அந்த மாசத்துல போடறது, புது வண்டி வரலன்னா அது படுத்துடும். இப்ப 2025ல இருந்து புது வண்டி வர ஆரம்பிச்ச உடனே அக்சசரீஸ் விசாரணை திரும்ப வருது. ஆக நீங்க எதை அனுப்பறீங்களோ அதுக்கு அந்த நாட்டு வண்டி இறக்குமதி சட்டத்துல எந்த விதி முக்கியம்னு பாத்துட்டே இருக்கணும். நம்ம ஆளுங்க டாலர் ரேட்டை தினம் பாப்பாங்க, இதை பாக்க மாட்டாங்க.

அக்சசரீஸ்ல அளவுதான் எல்லாம். ஜப்பான் வேகன் ஆர்ல முன் சீட்டே பெஞ்ச் மாதிரி வரும், நடுவுல கை வைக்கற மேடை, நம்ம வண்டில ரெண்டு தனி சீட்டு. இங்க தைச்ச கவர் அங்க ஏறவே ஏறாது. சைடு ஏர்பேக் சீட்டுக்குள்ள இருக்கற வண்டிக்கு அந்த பக்கத்து தையல் பிரியற மாதிரி விடணும், அது தெரியாத தையல்காரர் கிட்ட குடுக்காதீங்க. மேட்டுக்கு நான் பண்றது என்னன்னா, கொழும்புல நம்ம பையர் ஆளை விட்டு தரைல பிரவுன் பேப்பர் விரிச்சு வெட்டி டெம்ப்ளேட் எடுத்து கூரியர்ல அனுப்ப சொல்றது, அதை வச்சு இங்க ஒரே ஒரு செட் பண்ணி திருப்பி அனுப்பி, அந்த வண்டில போட்டு போட்டோ வந்த பிறகுதான் லாட் போடறது. ஆட்டோ டெக்கரேஷன் ஐட்டம் பண்றவங்க ஜாக்கிரதை, 2025 ஜனவரில கிளீன் ஸ்ரீலங்கான்னு சொல்லி பஸ், ஆட்டோல இருந்த எக்ஸ்ட்ரா லைட், ஹார்ன், கம்பி எல்லாத்தையும் போலீஸ் கழட்ட வச்சாங்க, டிரைவருங்க எல்லாம் கோவப்பட்டாங்க, ஆனா கழட்டினது கழட்டினதுதான். அந்த மாதிரி நேரத்துல குடோன்ல கலர் கலரா எல்இடி அடுக்கி வச்சிருந்தவன் நிலைமையை யோசிச்சு பாருங்க.

பிராண்ட் விஷயத்துல ஒரே வார்த்தை, கார் கம்பெனி பேர் போட்ட டப்பா தொடாதீங்க. டூப்ளிகேட்டை தொடவே கூடாதுங்கறது எல்லாருக்கும் தெரியும். ஒரிஜினல் ஜென்யூன் பார்ட்டையே இங்க டீலர்கிட்ட வாங்கி அங்க அனுப்பினாலும், அங்க அந்த கம்பெனிக்கு ஏஜென்ட் இருப்பார், அவருக்கு பிடிக்காது, இலங்கைல 2003ல வந்த அறிவுசார் சொத்து சட்டம் இருக்கு, கஸ்டம்ஸ்ல புகார் குடுத்தா சரக்கு நிக்கும். பார்ட் கம்பெனி தன் சொந்த பேர்ல விக்கற ஆஃப்டர்மார்க்கெட் பிராண்ட், அந்த கம்பெனியே எக்ஸ்போர்ட்டுக்கு சரின்னு லெட்டர் குடுத்தது, இல்லன்னா பையர் சொந்த பிராண்ட் டப்பா, இந்த ரெண்டுல ஒண்ணு. டப்பால "இன்ன மாடலுக்கு பொருந்தும்"னு போடலாம், லோகோ போடக்கூடாது.

நம்ம பக்கத்து பேப்பர் வேலையை வேகமா சொல்லிடறேன், இது எல்லாம் ஒரு நல்ல சிஎச்ஏ, அதாவது கஸ்டம்ஸ் ஏஜென்ட் கிட்ட உக்காந்தா ஒரு மதியத்துல புரிஞ்சிடும். ஐஇசி, அதாவது ஏற்றுமதி இறக்குமதி கோடு எடுக்கணும், அதை வருஷா வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூன்குள்ள அப்டேட் பண்ணணும், மாத்தம் ஒண்ணும் இல்லன்னாலும் பண்ணணும். எந்த போர்ட்ல ஏத்தறீங்களோ அங்க எக்ஸ்போர்ட் பணம் வர்ற பேங்க்கை காட்டற ஏடி கோடு பதிவாகி இருக்கணும், சென்னைல பண்ணிட்டு திடீர்னு தூத்துக்குடில சரக்கை கொண்டு போய் நிறுத்தினா வண்டி நிக்கும், வாடகை ஓடும். ஜிஎஸ்டில எல்யூடின்னு ஒரு உறுதிமொழி பத்திரம் போட்டா வரி கட்டாம அனுப்பலாம், அது நிதியாண்டுக்கு ஒரு தடவ, மார்ச் கடைசில மறந்துடாதீங்க. ஆட்டோ பார்ட்ஸ்க்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தப்போ வாங்கற சரக்குல கட்டின வரி ரீஃபண்ட் வர்ற வரைக்கும் முதல் அப்படியே முடங்கி கிடக்கும், 2025 செப்டம்பர் 22ல இருந்து 18 ஆனதுல மூச்சு விட முடியுது. நீங்களே தயாரிக்காம வாங்கி அனுப்பறவரா இருந்தா 0.1 சதவீத வரில சப்ளையர்கிட்ட வாங்கற வழி ஒண்ணு இருக்கு, 2017ல இருந்தே இருக்கு. சப்ளையர் இன்வாய்ஸ் தேதில இருந்து 90 நாளுக்குள்ள சரக்கு கப்பல் ஏறணும், எக்ஸ்போர்ட் ப்ரமோஷன் கவுன்சில் மெம்பரா இருக்கணும், சரக்கு நேரா போர்ட்டுக்கோ பதிவு பண்ண குடோனுக்கோ போகணும், இப்படி கண்டிஷன் இருக்கு. நிறைய சப்ளையர் இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க, பேப்பர் வேலைன்னு பயம். ஒத்துக்கறவரை விடாதீங்க. எக்ஸ்போர்ட்டுக்கு அரசாங்கம் திருப்பி தர்ற டிராபேக், ரோடெப் ரெண்டும் எச்எஸ் கோடு, அதாவது கஸ்டம்ஸ்ல சரக்கை வகை பிரிக்கற நம்பரை பொறுத்து மாறும், அந்த காசை லாபம்னு கொட்டேஷன்ல கரைச்சுடாதீங்க, ரேட்டு எப்ப வேணா மாறும்.

எச்எஸ் கோடுன்னதும் ஞாபகம் வருது. எல்லாத்தையும் 8708ல தள்ளிவிடற பழக்கம் நம்ம ஊர்ல ஜாஸ்தி. ஆயில் ஃபில்டர் 8421, ஹெட்லைட், வைப்பர் 8512, ஸ்பார்க் பிளக் 8511, எஞ்சின் உள் சாமான் 8409, பேரிங் 8482, ரியர் வியூ கண்ணாடி 7009. அங்க வரி கோடுக்கு கோடு மாறும், அதனால இன்வாய்ஸ் அடிக்கறதுக்கு முன்னாடியே பையர்கிட்ட கேட்டு, அவர் துறைமுகத்துல சரக்கை எடுத்து தர்ற அவரோட வார்ஃப் கிளார்க் கிட்ட கேட்டு, ரெண்டு பக்கமும் முதல் 6 எண் ஒண்ணா இருக்கான்னு பாத்துக்கங்க. இந்தியா இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச் 1ல இருந்து நடைமுறைல இருக்கு, அதுக்கான ஆரிஜின் சர்டிபிகேட் இருந்தா பையருக்கு டூட்டி குறையலாம், ஆனா எல்லா ஐட்டத்துக்கும் கிடையாது, நெகட்டிவ் லிஸ்ட் இருக்கு, ஒவ்வொண்ணா பாக்கணும். சைனால இருந்து வாங்கி இங்க டப்பா மாத்தினதுக்கு அந்த சர்டிபிகேட் கேக்காதீங்க, உள்நாட்டு மதிப்பு 35 சதவீதமாவது சேர்ந்திருக்கணும், 4 எண் அளவுல கோடும் மாறியிருக்கணும். சப்ளையர்கிட்ட காஸ்ட் ஷீட் கேட்டா ரகசியம்பாரு, கேட்டுத்தான் ஆகணும். டூட்டி போக பையர் வாட் கட்டணும், 2022 ஆரம்பத்துல அங்க வாட் 8 சதவீதம், 2024 ஜனவரில 18, நடுவுல சமூக பாதுகாப்பு வரின்னு இன்னொரு 2.5 சேர்ந்தது. நம்ம ரேட்டை நாம ஏத்தாமலே அங்க கடைல விலை ஏறிடும், அவர் வந்து உங்ககிட்ட குறைக்க சொல்லுவார். அவர் பக்கத்து லேண்டட் காஸ்ட் ஷீட்டை, அதாவது வரி எல்லாம் சேர்ந்த அடக்க விலை கணக்கை, நீங்களும் போட்டு வச்சிருந்தா எங்க குறைக்கலாம் எங்க முடியாதுன்னு பேசலாம்.

ஆரம்பத்துல எல்லாரும் எல்சிஎல்தான், கண்டெய்னர்ல கொஞ்சம் இடம். இங்க ஒரு கூத்து நடக்கும், கப்பல்ல இடம் புக் பண்ணி தர்ற ஃபார்வர்டர், கப்பல் வாடகை கிட்டத்தட்ட சும்மான்னு சொல்லுவார். சந்தோஷப்பட்டுட்டு புக் பண்ணினா, கொழும்புல டெஸ்டினேஷன் சார்ஜ்னு பையர் தலைல பெரிய பில்லா கட்டிடுவாங்க. அவருக்கு கோவம் ஃபார்வர்டர் மேல வராது, உங்க மேலதான் வரும். புக் பண்றப்பவே அந்த பக்கத்து சார்ஜ் எல்லாம் எழுத்துல வாங்கிடுங்க. கடல்ல 1 கன மீட்டரா 1000 கிலோவா, எது அதிகமோ அதுக்குதான் காசு. மேட், சீட் கவர், பம்பர் இடத்தை அடைக்கும், பிரேக் டிஸ்க், டிரம் எடையை ஏத்தும். ரெண்டையும் கலந்து போட்டா காசு மிச்சம், 20 அடி கண்டெய்னர்ல பேப்பர் கணக்குக்கு 33 கன மீட்டர் இருந்தாலும் நிஜத்துல 26, 28 தான் அடுக்க முடியும். ஒரு பொட்டி 20, 25 கிலோவை தாண்டாம பாத்துக்கங்க, பஞ்சிகாவத்தைல மாடி குடோன், குறுகலான படி, ஆளுதான் தூக்குவான். டிஸ்க், டிரம்முக்கு துரு பிடிக்காத கவர் கட்டாயம், கடல் காத்து சும்மா விடாது. மரத்துல பேலட் போட்டா ஹீட் ட்ரீட்மென்ட் முத்திரை இருக்கணும். நாகப்பட்டினம் காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023ல விட்டதும் "அதுல ரெண்டு பை சாமான் போட்டு அனுப்பலாமே"ன்னு கேட்டவங்க உண்டு. வேணாம் சாமி.

இப்ப பணம். இதுல இலங்கைக்குன்னே ஒரு தனி சிக்கல் இருக்கு, மத்த நாட்டுக்கு எக்ஸ்போர்ட் பண்றவங்களுக்கு சொன்னா புரியாது. கப்பல் பேப்பரை விட வேகமா போயிடும். நம்ம பிஎல்லை, அதாவது சரக்குக்கு உரிமை காட்டற கப்பல் பேப்பரை கையில வாங்கி, பேங்க்ல குடுத்து, அவங்க கூரியர் பண்ணி, கொழும்பு பேங்க் பாத்து பையருக்கு சொல்றதுக்குள்ள கண்டெய்னர் அங்க இறங்கி உக்காந்து நாள் வாடகை எண்ணிட்டு இருக்கும். அதனால பையர் என்ன கேப்பார், "தம்பி டெலக்ஸ் ரிலீஸ் பண்ணுங்க, பணம் இந்தா போட்டுடறேன்"ன்னு. டெலக்ஸ் ரிலீஸ்னா ஒரிஜினல் பிஎல்லை இங்கயே சரண்டர் பண்ணி, அங்க அது இல்லாமலே சரக்கை எடுக்க விடறது. அவர் கேக்கறதுல தப்பு இல்ல, அவருக்கு நிஜமாவே நஷ்டம் ஓடுது. ஆனா ஒரிஜினல் பிஎல்லை சரண்டர் பண்ணின நிமிஷம் சரக்கு உங்களது இல்ல. இதுக்கு நான் வச்சிருக்கற முறை, 30 சதவீதம் ஆர்டர்லயே, மீதி 70 சரக்கு ரெடியாகி பொட்டி எண்ணி போட்டோ, வீடியோ அனுப்பினதும், கப்பல் கட் ஆஃபுக்கு முன்னாடி. பணம் நம்ம அக்கவுண்ட்ல ஏறின பிறகு முதல் நாளே டெலக்ஸ் ரிலீஸ், அவருக்கும் ஒரு நாள் கூட வாடகை இல்ல. பேங்க் ஸ்லிப் போட்டோ, ஸ்விஃப்ட் காப்பி எல்லாம் பணம் கிடையாது, அதை பாத்து சரண்டர் பண்ணாதீங்க. முதல் தடவ வர்ற பையர் இதுக்கு முறைப்பார், "மும்பைக்காரன் 90 நாள் கடன் குடுக்கறான்"ம்பார். குடுக்கட்டும். பெரிய லாட்டுக்கு எல்சி, அதாவது பேங்க் உத்தரவாதத்துல போகலாம், ஆனா சின்ன லாட்டுக்கு எல்சி சார்ஜே லாபத்தை தின்னுடும், ஒரு ஸ்பெல்லிங் மாறினா டிஸ்க்ரிபன்சின்னு அதுக்கு தனி காசு.

கடன் குடுக்க மாட்டேன்னு நான் இவ்வளவு பிடிவாதமா இருக்கறதுக்கு காரணம் 2022. அந்த வருஷம் மார்ச் ஆரம்பத்துல டாலர் அங்க 200 ரூபா சுமார், மார்ச் 7ல அவங்க ரூபாயை பிடிச்சு வச்சிருந்த கயித்தை அவிழ்த்து விட்டாங்க, மே மாசம் 360. ஏப்ரல் 12ல வெளிநாட்டு கடனை கட்ட முடியலன்னு அரசாங்கமே அறிவிச்சாச்சு. அங்க எனக்கு சரக்கு பாக்கி இருந்த பெரியவர் ஒருத்தர், பஞ்சிகாவத்தைல மூணு தலைமுறை கடை, நான் நானான்னுதான் கூப்பிடுவேன், அங்க முஸ்லிம் வீடுகள்ல அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க. போன்ல சொன்னார், "காசு ஈக்கிது தம்பி, டொலர்தான் இல்ல". நிஜம் அது. ரூபாய் பேங்க்ல கட்டி வச்சிருக்கார், பேங்க்ல டாலர் இல்ல, மருந்துக்கும் எண்ணெய்க்கும் போக மிச்சம் இருந்தாதானே பிரேக் பேடுக்கு. வரிசைல நிக்கணும். நாள் தள்ள தள்ள அதே பாக்கி அவருக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா ஆயிட்டே இருக்கு. சரக்கை எப்பவோ பழைய ரேட்டுக்கு வித்தாச்சு. அவர் நினைச்சிருந்தா கையை விரிச்சிருக்கலாம், கொழும்புக்கு போய் கேஸ் போடற அளவுக்கு தொகையும் இல்ல. கொஞ்சம் கொஞ்சமா, பேங்க் விட விட, முழுசா கட்டினார். அதே நேரத்துல வேற சிலரோட பையர்ங்க போனே எடுக்கல. பேலன்ஸ் ஷீட்ல இதெல்லாம் தெரியாது, நானாவோட அப்பா காலத்து சப்ளையர் யாருன்னு விசாரிச்சவனுக்கு தெரியும்.

அந்த வருஷம் மே மாசம் ஓப்பன் அக்கவுண்ட்ல, அதாவது பேங்க் உத்தரவாதம் இல்லாம கடன்ல, இறக்குமதி பண்றதுக்கே அங்க கட்டுப்பாடு போட்டாங்க, அதுவரைக்கும் நம்பிக்கைல நடந்துட்டு இருந்த வியாபாரம் எல்லாம் ஒரே நாள்ல பேங்க் வழியா வந்தாகணும்னு ஆச்சு. நம்ம பக்கம் ஜூலைல ஆர்பிஐ, இலங்கை வியாபாரத்தை நாடுகளுக்கு நடுவுல கணக்கு தீர்க்கற ஏசியன் கிளியரிங் யூனியன் வழியா இல்லாம வேற அனுமதிச்ச கரன்சிலயும் முடிக்கலாம்னு விட்டாங்க. சொல்ல வர்றது, பையர் நல்லவரா இருந்தா போதாது, அவர் நாட்டுகிட்ட டாலர் இருக்கணும். பையர் பணம் கட்டலன்னா ஈடு தர்ற ஈசிஜிசி பாலிசி எடுங்க, ஆனா எடுக்கும்போது அந்த நாட்டுக்கு இப்ப கவர் எப்படின்னு கேளுங்க, நிலைமை மோசமானா அவங்களும் கவரை சுருக்குவாங்க, நமக்கு தேவைப்படற நேரமும் அதுதான்.

அண்டர் இன்வாய்ஸ் கேப்பாங்க, கண்டிப்பா கேப்பாங்க, "பாதி விலைக்கு பில் போடுங்க தம்பி, மீதி ஆள்கிட்ட குடுத்து விடறேன்"ன்னு. அங்க வரி அவ்வளவு இருக்கும்போது கேக்கத்தான் செய்வாங்க. முடியாதுன்னு சிரிச்சிட்டே சொல்லிடுங்க. கஸ்டம்ஸ்ல போடற ஷிப்பிங் பில் மதிப்பும் பேங்க்ல வர்ற பணமும் ஆர்பிஐ சிஸ்டம்ல ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும், ஆள்கிட்ட வர்ற மீதி பேரு ஹவாலா. இதுல நல்லது என்னன்னா ஒரு தடவ கறாரா சொன்னா மறுபடி கேக்க மாட்டாங்க, கேட்டுட்டே இருக்கறவர் உங்க பையர் இல்ல. பேங்க் சார்ஜ் யாருதுன்னும் முதல்லயே பேசிடுங்க, நடுவுல இருக்கற பேங்க் 25, 30 டாலர் வெட்டிக்கிட்டு அனுப்பினா அந்த ஷிப்பிங் பில் சிஸ்டம்ல மூடாம தொங்கும், அதை மூட அந்த 30 டாலரை விட ஜாஸ்தி அலையணும்.

கம்ப்ளெயிண்ட் வராம இருக்காது. பிரேக் பேட் சத்தம் போடுது, ஷாக் ஒழுகுது. திருப்பி அனுப்புங்கன்னு சொல்றது வேஸ்ட், மறு இறக்குமதி பேப்பர் வேலைக்கு புது பீஸே குடுத்துடலாம். பேட்ச் நம்பர் தெரியற மாதிரி போட்டோ, எத்தனை கிலோமீட்டர் ஓடினது, எந்த வண்டி, அது வந்தா அடுத்த இன்வாய்ஸ்ல கிரெடிட், இல்லன்னா அடுத்த லாட்டோட மாத்து பீஸ். மாத்து பீஸுக்கு காசு வாங்கலன்னாலும் இன்வாய்ஸ்ல மதிப்பு போடணும், ஜீரோ போட்டா கஸ்டம்ஸ்ல நிக்கும். அதே பேட்ச்ல மூணாவது கம்ப்ளெயிண்ட் வந்தா நான் மிச்சத்தை விக்காதீங்கன்னு நானே போன் பண்ணிடுவேன், சப்ளையர்கிட்ட அப்புறம் மல்லுக்கட்டிக்கலாம்.

ஆர்டர் நேரம் பாத்தா, ஏப்ரல் புத்தாண்டுக்கு முன்னாடி அங்க எல்லாரும் வண்டியை ரெடி பண்ணி ஊருக்கு போவாங்க, சரக்கு மார்ச் பாதிக்குள்ள கடைல இருக்கணும், அப்படின்னா ஜனவரி கடைசில இங்க ஆர்டர் உறுதியாகணும், சப்ளையர் பொங்கல் லீவை கழிச்சு கணக்கு போடுங்க. சைனா புத்தாண்டு லீவும் அதே சமயம்தான், அங்க இருந்து சரக்கு வர லேட்டாகும்போது நம்மகிட்ட அவசர ஆர்டர் வரும், அந்த நேரத்துல ஃபில்டர், பேட் ரெண்டும் கையிருப்பு வச்சிருக்கறது நல்லது.

இப்ப நானாவோட மகன்தான் கடையை பாக்கறார். புதுசா இறங்கற ஜப்பான் சின்ன வண்டிக்கு மேட்டும் டோர் வைசரும் கேட்டிருக்கார், அதுவும் உடனே வேணுமாம், ரேட்டும் உடனே வேணுமாம். சேசிஸ் பிளேட் போட்டோவும் பேப்பர் டெம்ப்ளேட்டும் அனுப்ப சொல்லியிருக்கேன், அது வந்த பிறகு ரேட் பேசலாம்னு.